மனைக்கல் ஊன்றும் முன்: வேலை தரும் நிலத்தைக் காக்க ஒரு பாடம்



போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, ஜீவாமிர்தப் பேரலைக் கலக்கிக்கொண்டிருந்தேன். வரப்போரம் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் கையில் ஒரு காகிதம். "சார், உங்க மேல ஒரு மனு வந்திருக்கு. சாணி வாடை, கொசு, மாட்டு மூத்திரம்னு எழுதியிருக்காங்க. பாத்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றார். மனு எழுதியவர் எனக்கு மேற்கே புதிதாக வந்த மனைப்பிரிவில் வீடு கட்டியவர். நல்ல மனிதர்தான். கிரகப்பிரவேசத்துக்கு எங்களைக் கூப்பிட்டார், நாங்களும் போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

வந்தவர் பேரலைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. இந்த நிலத்தில் என் தாத்தா காலத்திலிருந்து மாடு நிற்கிறது. மூன்று வருடம் முன்பு வந்த வீட்டுக்கு அது இப்போது தொந்தரவு. இன்னும் நாற்பது வீடு வந்தால் நாற்பது மனு வரும். அப்போது நான் மாட்டை விற்பேனா, நிலத்தை விற்பேனா?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல. சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை என்று எந்தச் சாலையில் போனாலும் கரிசல் காட்டுக்குள் மஞ்சள் வெள்ளைக் கல் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அதனால் இந்த மாதம் பூச்சி விரட்டி, விதை நேர்த்தியை விட்டுவிட்டு, காகிதப் பாடம் ஒன்று எழுதுகிறேன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் அந்தத் தகுதி எனக்கு உண்டு.

நான் போட்ட கையெழுத்து

முதலில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன். பணியில் இருந்தபோது வீட்டுமனைக் கடன் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். அங்கீகாரம் இருக்கிறதா, வில்லங்கச் சான்று சுத்தமா, வழிகாட்டி மதிப்பு எவ்வளவு, சம்பளச் சீட்டு உண்டா? நான் பார்த்தது இவ்வளவுதான். அந்த மனை அதற்கு முன் என்னவாக இருந்தது, அங்கே யார் வேலை பார்த்தார்கள் என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. நானும் கேட்டதில்லை. ஒருமுறை இடத்தைப் பார்க்கப் போனபோது, மனைக்கு நடுவில் ஒரு கமலைக் கிணறு பாதி மூடிக் கிடந்தது. "இதையும் ரெண்டு நாள்ல தூத்துருவோம் சார்" என்றார் புரோக்கர். 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2017-ல் ஓய்வு பெற்று, ஐந்தரை ஏக்கர் பூர்வீகக் கரிசலில் இறங்கிய பிறகுதான் ஒரு கிணறு வெட்ட எவ்வளவு ஆகும், மூட எவ்வளவு ஆகும் என்ற கணக்கு புரிந்தது.

நிலத்தில் எத்தனை வேலை இருக்கிறது?

நிலத்தை நாம் 'சொத்து' என்கிறோம், மனைக்காரரும் 'சொத்து' என்கிறார். அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டால் பேச்சு விலையில் போய்த்தான் முடியும். அதனால் நான் வேறு நோட்டு ஒன்று போட்டேன், ஆள்-நாள் நோட்டு. விதைப்பு, களை, காய் பறிப்பு, அறுப்பு, களம், வண்டி என்று யார் வந்தாலும் எழுதினேன். போன வருடம் என் ஐந்தரை ஏக்கரில் கூலிக்கு வந்தது 386 ஆள்-நாள். ஏக்கருக்கு எழுபது. நானும் என் மனைவியும் பார்த்த வேலை இதில் சேரவில்லை.

மேற்கே மனையான பதினோரு ஏக்கர் முழுக்க மானாவாரி. குதிரைவாலி, கம்பு, உளுந்து, ஓரத்தில் மிளகாய் போட்டார்கள். ஏக்கருக்கு நாற்பது என்று குறைத்துப் போட்டாலும் வருடத்துக்கு 440 ஆள்-நாள். அங்கே மனைக்கல் ஊன்ற ஆறு பேர் பன்னிரண்டு நாள் வந்தார்கள், 72 ஆள்-நாள். வீடு கட்டினால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 190 மனையில் மூன்று வருடத்தில் எழும்பிய வீடு நான்கு. மற்றதெல்லாம் வெளியூர்க்காரர்கள் 'இருக்கட்டும்' என்று வாங்கிப் போட்டவை. இப்போது அங்கே விளைவது சீமைக்கருவேலம். அதற்குள் காட்டுப்பன்றி அடைகிறது. ராத்திரி என் நிலத்துக்கு வருகிறது.

குடியிருக்க வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலை தந்த இடம் போய், வீடும் வராமல் கிடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

பட்டாசு ஆலையும் நம் காடும்

நம் பகுதிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. வேலை தரும் நிலம் என்றால் இங்கே விவசாயம் மட்டும் கிடையாது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து தொடங்கிய கதை நமக்கெல்லாம் தெரியும். பிறகு பட்டாசு, அச்சு என்று வளர்ந்தது. மழை குறைவு, காய்ந்த வெயில், பரந்த வெற்று நிலம். நமக்குக் கஷ்டமாக இருந்த அதே வானம்தான் மருந்து காய அவர்களுக்கு வசதியானது.

இரண்டு தொழிலும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று பாருங்கள். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் ஒருவர் ஆலைக்குப் போவார், ஒருவர் காட்டு வேலைக்குப் போவார். தீபாவளிக்கு முந்தி ஆலையை அடைத்தால், பூஜை போட்டு மறுபடி முழு வேலை தொடங்கச் சில வாரம் ஆகும். அதே நேரம்தான் வடகிழக்குப் பருவமழை இறங்கி நம் மானாவாரியில் களை முளைக்கும் நேரம். ஆலையில் வேலையில்லாத கை நம் காட்டுக்கு வரும். நம் காட்டில் வேலையில்லாத கோடையில் ஆலைக் கூலி வீட்டை நடத்தும். இதில் ஒன்று போனாலும் மற்றதால் தனியாக அந்தக் குடும்பத்தைத் தாங்க முடியாது.

பட்டாசு ஆலைக்கு நாம் செய்யும் உபகாரம் ஒன்று இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. 2008 வெடிபொருள் விதிகளின்படி, வைத்திருக்கும் மருந்தின் அளவுக்கு ஏற்ப, கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இடையிலும், கொட்டகைக்கும் வெளியே உள்ள வீடு, பள்ளி, சாலைக்கும் இடையிலும் இவ்வளவு தூரம் வெறுமையாக இருக்க வேண்டும். அளவு கூடினால் தூரமும் கூடும். அந்த இடைவெளியைத் தாண்டி ஆலைக்கு அடுத்து இருப்பது பெரும்பாலும் நம் மானாவாரிக் காடுதான். காட்டில் ஆள் எப்போதும் இருப்பதில்லை, வீடு இல்லை. அதே காட்டில் மனை போட்டு வீடு வந்தால்? தூரம் குறையும். வைத்திருக்கக்கூடிய மருந்தின் அளவு குறையும். உரிமமே கேள்விக்குள்ளாகும். கடைசியில் ஆலை போகும், வேலையும் போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து உயிருக்கு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம். நாற்பது பேர் அளவுக்குப் போனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடியவர்கள். ஆலைச் சுவரை ஒட்டி நூறு குடும்பம் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மலிவு விலையில் மனை வாங்குகிற குடும்பத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் என்ன இருக்கிறது என்று எந்தப் புரோக்கரும் சொல்வதில்லை. ஆலையில் விதிமீறல் இருந்தால் அதை ஆலையில்தான் சரி செய்ய வேண்டும். அதற்காக இடைவெளியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் ஒவ்வொரு புல எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று ஏதாவது ஒரு உபயோகத்தில் இருக்கும். விவசாய உபயோகத்தையோ தொழில் உபயோகத்தையோ குடியிருப்பாக மாற்ற வேண்டுமானால் விண்ணப்பித்து, ஆட்சேபம் கேட்டு நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் மாற்ற முடியும். 2021-ல் திருத்தங்கலைச் சேர்த்துச் சிவகாசி மாநகராட்சி ஆனதிலிருந்து சுற்றியுள்ள கிராமங்களில் இந்த அறிவிப்புகளைக் கவனிப்பது மிக அவசியம்.

திட்டம் இல்லாத கிராமப் பகுதிக்கு அந்தச் சட்டத்தின் 47-ஏ பிரிவும், அதற்கான 2017 விதிகளும் இருக்கின்றன. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். மாவட்ட ஆட்சியர், வேளாண்மைத் துறை ஆகியோரின் கருத்தும் இதில் வரும். நமக்குச் சங்கடம் எங்கே என்றால், நஞ்சை என்றாலே எல்லோருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. நம் கரிசல் பெரும்பாலும் புஞ்சை. 'சும்மா கிடக்கிற புஞ்சைதானே' என்று அறிக்கையில் ஒரு வரி வந்துவிட்டால் காரியம் முடிந்தது. அதனால்தான் ஆள்-நாள் நோட்டு வேண்டும் என்கிறேன். சும்மா கிடக்கவில்லை என்று காட்ட வேறு சாட்சி நம்மிடம் இல்லை.

மூன்றாவது, பதிவு. முன்பெல்லாம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு முத்திரையை வைத்துக்கொண்டு மனை விற்றார்கள். 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பு போட்ட மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் தனி விதிகள் வந்தன. எனவே இன்று ஒரு புது மனைப்பிரிவு முறையாக வந்தால், அது கட்டாயம் ஒரு கோப்பாக ஏதோ ஒரு மேசையில் இருக்கும். மேசையில் இருக்கும்போதே நாம் பேச வேண்டும். கல் ஊன்றிய பிறகு பேசினால் வாங்கியவரோடுதான் சண்டை.

டெல்டா நண்பர்கள் 2020 வேளாண் மண்டலச் சட்டத்தைச் சொல்வார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது தடுப்பது உருக்காலை, தோல் ஆலை, எண்ணெய் எரிவாயு எடுப்பு போன்றவற்றை. மனைப்பிரிவுக்கு அங்கேயும் நாம் சொன்ன வழிகள்தான்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் 2013-லிருந்து அலுவலகக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி வாங்காமலே வீடாக மாற்றலாம் என்று விட்டார்கள். வேலை இடம் பறிபோகிறதே என்று பல ஊர் நிர்வாகங்கள் பயந்து, '4-ஆம் பிரிவு ஆணை' என்ற அதிகாரத்தைக் கொண்டு தங்கள் எல்லையில் அந்தச் சலுகையை நிறுத்தின. 2018-ல் அவர்கள் தேசியத் திட்டக் கொள்கையில் ஒரு நியாயத்தையும் சேர்த்தார்கள்: ஏற்கெனவே நடக்கும் ஒரு தொழிலுக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்ட வருபவர்தான், அந்தச் சத்தமோ வாடையோ தன் வீட்டைப் பாதிக்காமல் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முன்பே இருந்தவரைக் கட்டுப்படுத்தக் கூடாது. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் 'உழவு செய்யும் உரிமை' என்ற பெயரில், பின்னால் வந்தவர் பண்ணையின் மேல் தொந்தரவு வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனிப் பண்ணைகள் அதன் மறைவில் ஒளிந்துகொள்வதும் அங்கே நடக்கிறது. ஆனாலும் 'முன்னே இருந்தது யார்' என்ற கேள்வியைக் கேட்கும் ஒரு விதி நமக்கும் வேண்டும். நம் இயக்கம் கேட்க வேண்டிய கோரிக்கைகளில் இதையும் சேர்க்கலாம்.

இப்போதே செய்ய வேண்டியவை

1. உங்கள் நிலத்தின் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் நான்கையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். உங்களுடையதோடு நிற்காமல் நாலு பக்கத்துப் புலப்படத்தையும் எடுங்கள். ஓடை, வண்டிப்பாதை, கண்மாய் வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் ஓடுகிறது என்று சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.

2. அடங்கலில் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் குதிரைவாலி போட்டிருக்க, அங்கே 'தரிசு' என்று இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் போய் ஒவ்வொரு பருவமும் திருத்துங்கள். தொடர்ந்து தரிசு என்று எழுதப்பட்ட நிலத்துக்காக யாரும் பரிந்து பேச முடியாது.

3. ஆள்-நாள் நோட்டு போடுங்கள். தேதி, வேலை, ஆள் எண்ணிக்கை, கூலி. பள்ளிக்கூட நோட்டு போதும்.

4. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய், ஓடையில் தண்ணீர் ஓடுவதைத் தேதியோடு படம் எடுங்கள். வெயில் காலத்தில் வந்து பார்க்கும் அதிகாரிக்கு ஓடையும் தரையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

5. வண்டிப்பாதையும் நீர்வழியும் பட்டா நிலத்தில் இருந்தால், 1882 வசதியுரிமைச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இருபது வருடம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தியதை நிரூபித்தால் நீதிமன்றத்தில் அந்த உரிமையைக் கோரலாம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வாங்கி வையுங்கள். பொதுப்பணித் துறைக் கண்மாய் என்றால் 2007 ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது.

6. கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. 'இன்ன புல எண்களில் ஓடையும் வண்டிப்பாதையும் உள்ளன. எந்த மனைப்பிரிவுக்கும் ஊராட்சி கருத்துச் சொல்லும்போது இவற்றைக் காக்க வேண்டும்' என்று தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். ஆலை பக்கத்தில் இருந்தால் பாதுகாப்புத் தூரத்தையும் அதில் சேருங்கள். ஆலை முதலாளியையும் தொழிலாளியையும் கூட அழையுங்கள். இந்த விஷயத்தில் அவர்களும் நம் பக்கம்தான்.

7. கல் ஊன்றும் பேச்சு காதில் விழுந்த அன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தைக் கேளுங்கள். ஆட்சேப மனுவில் கோபத்தைக் குறையுங்கள், புல எண்ணைக் கூட்டுங்கள். ஒரே பக்கம், இணைப்பு ஐந்து. நான் வங்கியில் படித்த மனுக்களில் வேலை நடந்தது இப்படிப்பட்ட மனுக்களுக்குத்தான்.

விற்கிறவரைத் திட்டாதீர்கள்

மேற்கே பதினோரு ஏக்கரை விற்றவரில் ஒருவர் எனக்குப் பங்காளி முறை. "அண்ணாச்சி, ஒங்களுக்கு பென்சன் வருது. எனக்கு ரெண்டு பொம்பளப்புள்ள. மூணு வருசமா மழை ஏமாத்திருச்சு. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பென்சனை வைத்துக்கொண்டு இயற்கை விவசாயம் பேசுவது சுலபம் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் சட்டம் பாதிதான். மீதியை நாம்தான் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் இப்போது ஏழு குடும்பம் பேசி வைத்திருக்கிறோம்: யாருக்கு விற்க வேண்டிய நெருக்கடி வந்தாலும் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதம் டைம். அதற்குள் குத்தகைக்கு எடுக்க ஆள் பார்ப்போம், முடிந்தால் ஒரு ஏக்கரை மட்டும் வாங்கி மீதியைக் காப்போம், கடன் என்றால் வங்கிக்கு நான் கூடப் போவேன். இதில் பத்திரம் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுதான். இதுவரை ஒரு நிலம் இதனால் நின்றிருக்கிறது, ஒன்று போய்விட்டது. நின்ற நிலத்தில் திருப்பூரிலிருந்து திரும்பிய ஒரு தம்பி குத்தகைக்குக் கம்பும் உளுந்தும் போட்டிருக்கிறார்.

ஊருக்குள் வீடு வேண்டுவோருக்கு நத்தத்தில் இடிந்து கிடக்கும் பழைய மனைகள் எத்தனை இருக்கின்றன என்றும் ஒரு கணக்கு எடுத்தோம். எங்கள் சின்ன ஊரிலேயே இருபத்தி மூன்று. பங்குத் தகராறில் கிடப்பவைதான் அதிகம். அவற்றைப் பேசித் தீர்த்தால் காட்டுக்குள் கல் ஊன்றத் தேவையே இருக்காது.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அறுபதுகளில் வேலை பார்த்த நம்மாழ்வார் ஐயா, இதே கரிசலின் மானாவாரிக்காரர்களைப் பார்த்துத்தான் தன் பாதையை மாற்றிக்கொண்டார். அவர் சொன்னதையெல்லாம் செய்து பார்க்க முதலில் நிலம் இருக்க வேண்டும்.

எங்கள் மேற்குப் பக்கத்தில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மனைப்பிரிவை நிறுத்த முடியவில்லை; நாங்கள் விழித்துக்கொண்டது தாமதம். ஆனால் அவர்கள் முதலில் போட்ட வரைபடத்தில் ஓடையே இல்லை. புலப்படத்தையும் மழைப் படங்களையும் வைத்து மனு கொடுத்தோம். திருத்திய வரைபடத்தில் புலப்படத்தில் உள்ள அகலத்துக்கே ஓடை வந்தது. போன ஐப்பசி மழையில் அதன் வழியாகத்தான் கண்மாய்க்குத் தண்ணீர் போனது.

ஜீவாமிர்தப் பேரலைக் கிழக்கு மூலைக்கு மாற்றிவிட்டேன். மேற்கு வரப்பில் கிளுவை வேலி ஊன்றி அகத்தி போட்டிருக்கிறேன். மனு எழுதிய வீட்டுக்காரருக்கு வாரம் ஒரு கட்டு கீரை போகிறது. அவர் வீட்டம்மா மாடித் தோட்டத்துக்குக் கொஞ்சம் ஜீவாமிர்தம் கேட்டு அனுப்பியிருக்கிறார். கொடுத்தேன். ஆனாலும் புலப்படக் கட்டை இன்னும் பீரோவில் மேல் தட்டில்தான் வைத்திருக்கிறேன். தெற்கே ஆறு ஏக்கருக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகப் பேச்சு.